வாலில் மூச்சு

தன்லின், பர்மா,
ஆனி மாதம், ஞாயிறு காலை

அன்புள்ள சேது,

உன் இரண்டு கடிதங்களும் வந்து சேர்ந்தன. முதலாவது வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஏன் பதில் போடவில்லை என்று கீழே சொல்கிறேன். பூனைக்கண்ணன் மகன் வியாழக்கிழமை சென்னைக்குப் புறப்படுகிறான், அவன் கையில் கொடுத்தனுப்பலாம் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன். இங்கே எல்லோரும் நலம். கரண்ட் நினைத்தால் வருகிறது, நினைத்தால் போகிறது. அரிசி விலையைக் கேட்காதே. கண் ஆபரேஷன் முடிந்து நன்றாகப் படிக்க முடிகிறது என்று எழுதியிருந்தாய், அதை நம்பித்தான் எழுத்தைப் பொடியாக்கி எழுதுகிறேன், தாள் மிச்சமாகட்டும். உன் பேரன் கடையில் அத்தோ நூடுல்ஸுக்கு இன்னும் வாழைத்தண்டு சூப்புதான் கொடுக்கிறானா? மீன்சாறு ஊற்றும் மொஹிங்காவுக்குச் சேர வேண்டியதை அத்தோவோடு சேர்க்காதே என்று 2014-இல் நீ இங்கே வந்தபோதே சண்டை போட்டேன். நீ கேட்கவில்லை, இப்போது வியாசர்பாடி முழுக்க அப்படித்தான் குடிக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

தீபாவளி கழிந்து பத்து நாள் இருக்கும். பின்கட்டுக் கொய்யா மரத்தில் ஒரு கூடு தொங்குவதைப் பேத்திதான் பார்த்தாள். கட்டைவிரலைவிடப் பெரியது, காய்ந்த இலையைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு, தவிட்டு நிறத்தில், தொட்டால் சாக்குத்துணி மாதிரி சொரசொரப்பு. ஆவணியில் அந்த மரத்தில் வெளிர்பச்சையாக, மாவு தூவினது போல ஒரு தடித்த புழு இலையைத் தின்று தீர்த்ததே, அதுதான் உள்ளே போய்ப் படுத்திருக்கிறது. உலகத்தில் மிகப் பெரிய விட்டில்களில் ஒன்று அது. அட்லஸ் என்பார்கள். இறக்கை விரித்தால் ஒரு ஜாண் தாண்டும். நாம் சின்ன வயதில் பாம்புத்தலைப் பூச்சி என்று கத்திக்கொண்டு ஓடினோமே, உன் அக்கா பாவாடையில் வந்து உட்கார்ந்ததே, அதேதான்.

பேத்தி கூட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "தாத்தா, கதவே இல்லையே. உள்ளே எப்படி மூச்சு விடும்?" என்றாள். நூல் இடுக்கு வழியாகக் காற்று போகும் என்றேன். "காற்று போகும் சரி, அது எதால் இழுக்கும்? மூக்கு எங்கே?" என்றாள். எட்டு வயது. எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மகள் விலங்கியல் படித்தவள் அல்லவா, சிங்கப்பூருக்கு ராத்திரி போன் போட்டோம். அன்று ஆரம்பித்தது, சேது. இந்த ஏழு மாதமாக அவள் விட்டுச்சென்ற காலேஜ் புத்தகங்களைத்தான் படிக்கிறேன். புரியாததை ஞாயிற்றுக்கிழமைகளில் அவளிடம் கேட்கிறேன்.

பூச்சிக்கு மூக்கு இல்லை, நுரையீரலும் இல்லை. உடம்பின் இரண்டு பக்கமும் வரிசையாகத் துளைகள் இருக்கின்றன. கரப்பானுக்கு மார்பில் இரண்டு ஜோடி, வயிற்றில் எட்டு ஜோடி. தலையை வெட்டினாலும் கரப்பான் நாள்கணக்கில் கிடந்து உயிரோடு இருப்பது இதனால்தான், மூச்சுக்குத் தலை தேவையில்லை. ஒவ்வொரு துளையிலிருந்தும் ஒரு குழல் உள்ளே போகிறது, கிளை விடுகிறது, அந்தக் கிளை மறுபடி கிளை விடுகிறது. கடைசி நுனி ஒரு மயிரிழையில் நூற்றில் ஒரு பங்குகூடப் பருமன் இருக்காது. அது ஒவ்வொரு தசைக்கும், ஒவ்வொரு உயிரணுவின் வாசலுக்கும் நேராகப் போய் நிற்கிறது. நமக்குக் காற்று முதலில் நெஞ்சுக்குள் வர வேண்டும், அங்கே ரத்தம் வாங்கிக்கொள்ள வேண்டும், இதயம் தள்ள வேண்டும், அப்புறம்தான் கைக்கும் காலுக்கும். பூச்சிக்கு நடுவில் தரகர் கிடையாது. அதன் ரத்தத்துக்கு அந்த வேலையே இல்லை, அதனால் அதில் சிவப்பும் இல்லை. கரப்பானை மிதித்தால் வெள்ளையாக வருகிறதே, அது பெரும்பாலும் கொழுப்பு, அதன் ரத்தத்துக்கு நிறமே இல்லை என்று எனக்கு எழுபது வயதில் தெரிகிறது. கொசுவை அடித்தால் கையில் ஒட்டும் சிவப்பு நம்முடையது. (சாக்கடைச் சேற்றில் நெளியும் சிவப்புப் புழு மட்டும் விலக்கு. காற்று குறைந்த சேற்றில் வாழ வேண்டியிருப்பதால் அதற்கு நம்மைப் போலச் சிவப்பு ரத்தம் உண்டு. நீ மீன்தொட்டிக்கு வாங்கிப் போடுவாயே, அதுவேதான்.)

அந்தக் குழல்கள் நசுங்கிப்போகாமல் இருக்க உள்சுவரில் சுருள்கம்பி சுற்றினது போலத் தடிப்பு ஓடுகிறது. அது மேல்தோல் செய்யப்பட்ட அதே பொருளால் ஆனது. அதனால் பூச்சி தோல் உரிக்கும்போது வெளிச்சட்டையோடு மூச்சுக்குழலின் உள்சட்டையையும் சேர்த்து உருவி எறிகிறது. மரத்தில் சில்வண்டு விட்டுப்போன கூட்டின் முதுகு வெடிப்பில் வெள்ளை நூல் தொங்குமே, நாம் சிலந்தி நூல் என்று நினைத்து ஊதுவோமே, அது அதன் பழைய மூச்சுக்குழலின் சட்டை, சேது! எத்தனை நூறு கூடு பொறுக்கியிருப்போம், ஒருவரும் நமக்குச் சொல்லவில்லை.

முதலில் இதைக் கண்டுபிடித்தவர் இத்தாலிக்காரர், மால்பீகி. 1669-இல் பட்டுப்புழுவை அறுத்துப் பார்த்து எழுதினார். அதற்கு எட்டு வருஷம் முன்னால், 1661-இல், தவளையின் நுரையீரலில் மயிரிழை ரத்தக்குழாய்களை முதலில் பார்த்தவரும் அவரேதான். நாம் மூச்சு விடும் வழி, புழு மூச்சு விடும் வழி, இரண்டையும் ஒரே ஆள் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். புழுவின் பக்கத்துத் துளைகளில் எண்ணெய் தடவினார், புழு செத்தது. அந்தத் துளைதான் மூச்சு வழி என்று அப்படி நிச்சயமானது.

இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். உனக்கும் ஞாபகம் வந்திருக்கும். லைன் வீட்டுக்குப் பின்னால் அந்தச் சாக்கடை. ஆலையிலிருந்து அப்பா கொண்டுவரும் கழிவு மண்ணெண்ணெயைப் பெரியண்ணன் தகர டப்பாவில் ஊற்றிக்கொண்டு போவார், நீயும் நானும் பின்னாலேயே ஓடுவோம். தண்ணீர் மேல் ஊற்றியதும் வானவில் மாதிரிப் படலம் பரவும். கொசுப்புழுக்கள் துடித்துத் துடித்து மேலே வரும், தலைகீழாகத் தொங்கும், அப்புறம் இறங்கிப்போகும். "மண்ணெண்ணெயைக் குடித்துச் சாகிறதா அண்ணே?" என்று நீதான் கேட்டாய். "இல்லைடா, அதுக்கு மூச்சு வாலில் இருக்கு. வால் நுனியைத் தண்ணிக்கு மேல நீட்டித்தான் மூச்சு வாங்கும். எண்ணெய் அடைச்சுப்போச்சு" என்றார். நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். வாலில் மூச்சு என்று ஒரு வாரம் அவரைக் கேலி செய்தோம். மூச்சுக்குழல் சரியாக அந்த வால்பக்கத்தில்தான் திறக்கிறது. அண்ணனுக்கு அப்போது பதினாறு, பதினேழு வயது. எங்கே தெரிந்துகொண்டார் என்று நாம் கேட்டதே இல்லை.

இப்போது சொல்கிறேன். முதல் கடிதத்தில் நீ கேட்டிருந்தாய், அண்ணன் கடைசியில் என்ன சொன்னார் என்று. அதற்குத்தான் என்னால் பதில் எழுத முடியவில்லை. போனில் "போய்விட்டார்" என்று மட்டும் சொன்னேன், நீ அழுதாய், நான் போனை வைத்துவிட்டேன். அதற்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை, மதினியிடம்கூட.

2021 ஜூலை, கொரோனா. இங்கே எப்படி இருந்தது என்று உங்கள் டிவியிலும் காட்டியிருப்பார்கள். ரங்கூனில் ஆக்சிஜன் நிரப்பும் இடங்களில் சிலிண்டரை வரிசையில் வைத்துவிட்டு மனிதர்கள் நடைபாதையில் படுத்திருந்தார்கள். அண்ணனுக்குக் காய்ச்சல் வந்து ஆறாம் நாள் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மீட்டரில் 88 காட்டியது. பக்கத்து வீட்டு பர்மிய அம்மா தன் கணவருக்கு வாங்கி வைத்திருந்த சின்ன சிலிண்டரைக் கேட்காமலே தூக்கிக் கொடுத்தார். மாட்டியதும் 97-க்கு ஏறிவிட்டது. எனக்கு உயிர் வந்தது. போனில் டாக்டர், "94 போதும், குறைத்து வையுங்கள், அதிகம் கொடுப்பதும் கெடுதல்" என்றார். எனக்கு ஆத்திரம். மூச்சில் என்ன அதிகம், என்ன குறைவு? உயிர்க்காற்றைச் சிக்கனம் பிடிக்கச் சொல்கிறாரே என்று நினைத்து, குறைக்கவில்லை. சிலிண்டர் மறுநாள் மத்தியானமே தீர்ந்தது. நிரப்ப அலைந்தேன். இரண்டு இடத்தில் கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்றாவது இடத்தில் வரிசையில் பதினோரு மணி நேரம். ஊரடங்கு தொடங்கக் கால் மணி இருக்கும்போது, ஆள் உயரத்துக்கு ஒன்றை வாடகைக்குப் பிடித்து ஏற்றிக்கொண்டு வந்தேன். மாட்டினோம். எண் ஏறவில்லை. 76, 74. குழாயை மாற்றினேன். முழுதாகத் திறந்தேன். அதற்கு மேலும் ஏறவில்லை. காலி சிலிண்டரைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று அந்த வாடகைக்காரருக்குப் போன் போட்டுக் கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினேன். என் வாயிலிருந்து அப்படி வரும் என்று எனக்கே தெரியாது. அண்ணன் "ஜன்னலைத் திற" என்றார். ஜன்னல் திறந்துதான் இருந்தது. மறுபடியும் "ஜன்னலைத் திற" என்றார். அதுதான், சேது. அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நாலு வருஷத்துக்கு மேல் ஒரே எண்ணம்தான். பதினோரு மணி நேரம் முன்னால் வந்திருந்தால். வாடகைக்காரர் ஏமாற்றாமல் இருந்திருந்தால்.

கூட்டுக்குத் திரும்பி வருகிறேன், காரணமாகத்தான். பூச்சியின் காற்றுக்குழல் நுனியில் ஒரு துளி நீர் நிற்கும். பூச்சி சும்மா இருக்கும்போது அது பாட்டுக்கு இருக்கும். தசை வேலை செய்யத் தொடங்கியதும் உடம்பு அந்த நீரை உறிஞ்சிக்கொள்கிறது, காற்று இன்னும் உள்ளே, உயிரணுவின் பக்கத்தில் போய் நிற்கிறது. அந்தத் துளியை ஏன் இவ்வளவு பாடுபட்டு விலக்க வேண்டும் என்று மகளிடம் கேட்டேன். அவள் சொன்ன எண்ணை அப்படியே எழுதுகிறேன்: காற்றில் ஆக்சிஜன் பரவும் வேகத்தில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் தண்ணீரில் பரவும். பத்தாயிரத்தில் ஒன்று! மிகச் சின்ன தூரம் என்றால் கடக்கும், கொஞ்சம் கூடினாலும் முடியாது. சோப்புத் தண்ணீர் தெளித்தால் கரப்பான் சாவதும் இதனால்தான். வெறும் தண்ணீர் துளைக்குள் நுழையாமல் வழுக்கிப் போய்விடும், சோப்புக் கலந்தது உள்ளே புகுந்து வழியை அடைத்துவிடும்.

போனைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தேன். அப்புறம் அவளிடம் கேட்டேன், பெரியப்பாவுக்கு நெஞ்சில் நீர் கோத்துவிட்டது என்று டாக்டர் சொன்னாரே, அதுவா? அதுதான் அப்பா, என்றாள். நுரையீரலின் சின்னச் சின்ன அறைகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நிறைந்துவிட்டது. நான் கொண்டுவந்த சிலிண்டர் நிறைந்துதான் இருந்திருக்கும். காற்று அண்ணனின் மூக்குவரைக்கும், நெஞ்சுவரைக்கும் வந்திருக்கிறது. ரத்தத்துக்கும் அதற்கும் நடுவில் ஒரு மெல்லிய நீர், அதை அது தாண்டவில்லை. அந்த வாடகைக்காரரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன், போன மாசிமாதம். அவருக்கு என்னை நினைவே இல்லை. அந்த மாதத்தில் எத்தனை பேர் திட்டினார்களோ. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதுதான் என் தூக்கத்தைக் கெடுத்தது. கூட்டுப்புழு அந்தத் துளைகளை எப்போதும் திறந்து வைத்திருப்பதில்லை. துளைக்குத் துளை மூடி உண்டு. பெரிய பட்டுப்பூச்சி வகைகளின் கூட்டுப்புழு மணிக்கணக்கில் எல்லாவற்றையும் இறுக மூடிக்கொண்டு கிடக்கிறது. உள்ளிருக்கும் ஆக்சிஜன் மெல்ல மெல்லக் குறைகிறது. மிகவும் குறைந்ததும் மூடிகள் படபடவென்று துடித்து, இம்மி இம்மியாகக் காற்றை விட்டுக்கொள்கின்றன. கரியமிலவாயு ரத்தத்தில் கரைந்து சேர்ந்துகொண்டே போகிறது. அது அளவுக்கு மீறினதும் மூடிகள் அகலத் திறந்து மொத்தத்தையும் ஒரே மூச்சில் வெளியே தள்ளுகின்றன. மறுபடி மூடல். ஏன் மூட வேண்டும்? உள் ஈரம் காய்ந்துபோகாமல் இருக்க என்று நெடுங்காலம் சொன்னார்கள், இப்போதும் சொல்பவர்கள் உண்டு. 2005-இல் ஹெட்ஸ், பிராட்லி என்ற இருவர் வேறு காரணம் சொன்னார்கள். அவர்கள் சோதனைக்கு எடுத்தது நம் கொய்யா மரத்தில் தொங்கியதே, அதே அட்லஸ் கூட்டுப்புழுவை! வெளிக்காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு 21 பங்கு. அந்தத் துடிப்பு நேரத்தில் புழுவின் குழலுக்குள் 4, 5 பங்குதான். வெளியே ஏற்றிப் பார்த்தார்கள், இறக்கிப் பார்த்தார்கள், உள்ளே அதே 4, 5-ஐ விட்டு அது அசையவில்லை. ஆக்சிஜன் உயிரையும் கொடுக்கும், உடம்பை அரிக்கவும் செய்யும். பறக்கும்போது வாரி வாரிக் கொடுப்பதற்காகக் கட்டின குழல்கள் அவை. சும்மா தூங்குகிற உடம்புக்கு அவ்வளவும் தேவையில்லை, தேவைக்கு மேல் உள்ளே விட்டால் விஷம், அதனால் கதவைச் சாத்திக்கொள்கிறது என்பது அவர்கள் கட்சி. ஆறு மாதம் மழையில்லாமல் தொங்கின கூட்டைப் பார்த்தவன் நான். ஈரம் காப்பதும் ஒரு காரணமாக இருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஆனால் 94 போதும் என்ற டாக்டரை நினைத்துக்கொண்டேன். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். நான் கேட்டுக் குறைத்திருந்தால் சின்ன சிலிண்டர் இன்னும் அரைநாள் வந்திருக்கும். அந்த அரைநாளால் அண்ணன் பிழைத்திருப்பாரா என்று மகளிடம் கேட்டேன். "அது யாருக்கும் தெரியாது அப்பா" என்றாள். அவள் பொய் சொல்லி ஆறுதல் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

பேத்திக்கு வேறு கதைகள்தான் பிடிக்கின்றன. முப்பது கோடி வருஷத்துக்கு முன்னால் காற்றில் ஆக்சிஜன் இப்போதையதைவிட நிறைய இருந்த காலத்தில், இரண்டு அடிக்கு மேல் இறக்கை விரிக்கும் தட்டான்கள் பறந்தன என்றதும் மூன்று நாள் அதையே வரைந்தாள். 1920-இல் நோபல் பரிசு வாங்கிய டென்மார்க்காரர் க்ரோக், ஒரு தடித்த புழுவின் குழல்களை அளந்து கணக்குப் போட்டு, காற்று தானாகப் பரவுவதே புழுவுக்குப் போதும் என்றார். பெரிய பூச்சிகளுக்கு அது போதாது. வெட்டுக்கிளியின் வயிறு ஏறி இறங்குவதை நீயே பார்க்கலாம், முன் துளைகளில் உள்ளே போய்ப் பின் துளைகளில் வெளியே வரும். 2003-இல் சிகாகோ பக்கம் பலமான எக்ஸ்ரேயில் வண்டையும் சுவர்க்கோழியையும் உயிரோடு வைத்துப் பார்த்தபோது, உள்ளே குழல்களே நெஞ்சு போலச் சுருங்கி விரிந்தனவாம். பேத்தி அன்றிலிருந்து பஜாரில் பயிட், அதாவது வறுத்த சுவர்க்கோழி, விற்கிற பக்கம் வருவதில்லை. "அதுக்கும் மூச்சு இருக்கு" என்கிறாள். எனக்கு அதில் வருத்தம்தான், நல்ல தீனி.

வைகாசி பிறந்து முதல் பெரிய மழை விட்ட மறுநாள் காலை விட்டில் வெளியே வந்துவிட்டது. பெண். கூட்டைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, கசங்கின துணி மாதிரி இருந்த இறக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்தது. மத்தியானத்துக்குள் என் இரண்டு உள்ளங்கையும் சேர்ந்தாலும் மூடாத அளவு. செம்பழுப்பு, நடுவில் கண்ணாடி போல முக்கோணம், நுனியில் பாம்புத் தலை. அதற்கு வாய் கிடையாது என்று உனக்குச் சொல்லியிருக்கிறேனா? தின்னாது, குடிக்காது. புழுவாக இருந்தபோது சேர்த்த கொழுப்பில் ஒரு வாரம், கூடிப்போனால் இரண்டு வாரம். ஆனால் மூச்சுக்கு மட்டும் அத்தனை வாசல்! அன்று ராத்திரியே எங்கிருந்தோ ஆண் வந்தது. பேத்தி டார்ச் அடித்துப் பார்த்து என்னை எழுப்பினாள். நாலாம் நாள் கொய்யா இலையடியில் முட்டைகள். ஏழாம் நாள் காலையில் செடியடியில் விட்டில் கிடந்தது. மதினி அதை எடுத்துச் செம்பருத்தி அடியில் வைத்தார். முந்தின நாள்தான் அவரிடம் ஜன்னல் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். "எனக்கும் கேட்டது தம்பி" என்றார். அவ்வளவுதான் பேசிக்கொண்டோம்.

பூனைக்கண்ணன் மகன் கொண்டுவரும் டப்பாவில் லெப்பெ தேயிலை ஊறுகாய் இரண்டு பாக்கெட், உன் மனைவிக்கு முகத்தில் பூசத் தனாக்கா, அப்புறம் அந்தக் காலிக் கூடு. பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன், நசுக்காமல் எடு. கத்தரியால் நீளவாட்டில் வெட்டினால் உள்ளே கூட்டுப்புழுவின் பழுப்புச் சட்டை இருக்கும். பக்கவாட்டில் கண்ணிமை போலச் சின்னச் சின்னக் கீறல்கள் வரிசையாகத் தெரியும், அவைதான் வாசல்கள். வெளிச்சத்தில் பிடித்து உள்பக்கம் பார், வெள்ளை நூல் ஒட்டியிருக்கும். புதுக் கண்ணுக்கு அது நன்றாகத் தெரியும்.

முட்டை பொரித்துவிட்டது. கொய்யா இந்த வருஷமும் மொட்டையாகப் போகிறது. உன் பதிலைப் பூனைக்கண்ணன் மகன் திரும்பி வரும்போது கொடுத்தனுப்பு, அவன் அங்கே மூன்று வாரம் இருப்பான். அண்ணன் உனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்த கதையை எழுது. நான் அன்று காய்ச்சலில் படுத்திருந்தேன், பார்க்கவில்லை.

உன்,
ராசு